பொய் சொல்லும் போனும் ஒரு விதிவிலக்குப் பட்டியலின் வரலாறும்



போன பதிவில் சரக்கு மதிப்பீடு பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தூங்கிப் போனவர்கள் எல்லாரும் எழுந்து உட்காருங்கள். இன்றைக்குக் கொஞ்சம் வேறு விஷயம். "பி.காம். படிக்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் டிரைவர் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டால், இரண்டு மாதம் முன்பு வரை எனக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் வந்தது. அந்தக் கட்டாயத்தின் பெயர் தாத்தா.

எங்கள் ஊர் ஆலந்தலை. திருச்செந்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர். தாத்தா கடலுக்குப் போனவர். ஜி.பி.எஸ். எல்லாம் வருவதற்கு முன்னால், கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் மாதா கோயில் சிலுவையையும் ஒன்றோடொன்று நேர் வைத்துப் பார்த்தே, கடலுக்கு அடியில் எந்த இடத்தில் பார் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். சாவதற்கு ஒரு வருஷம் முன்னால் அப்பா அவரை உட்கார வைத்து, பாருக்குப் போகும் வழிகளை ஒரு பழைய பட்டன் போனில் பேச வைத்துப் பதிவு செய்திருந்தார். மொத்தம் நாலு நிமிஷம். இடையில் இருமல், "போதும்லே" என்ற சலிப்பு எல்லாம் உண்டு.

அந்த போன் பல வருஷம் அலமாரியில் கிடந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். மெமரி கார்டு உள்ளேயே இறுகிப் போயிருந்தது. கடைக்காரர், "உடைச்சுத்தான் எடுக்கணும், கார்டுக்கு நான் கேரண்டி இல்ல" என்றார். சரி, கேபிளில் போட்டு எடுத்துவிடலாம் என்று வீட்டு லேப்டாப்பில் செருகினேன். அது அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப். ஹார்ட் டிஸ்க் மாற்றியபோது நண்பன் லினக்ஸ் மட்டும் போட்டுக் கொடுத்திருந்தான். செருகினால் போன் ஒரு நிமிஷம் யோசிக்கிறது, அப்புறம் அணைந்து மறுபடி எழுகிறது. மறுபடி யோசிக்கிறது, மறுபடி அணைகிறது. பத்து தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தாத்தா இன்னும் கொஞ்சம் தூரம் போகிற மாதிரி இருந்தது.

ஹாஸ்டல் நண்பனிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரன். பிழைச் செய்திகளை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரே வரி சொன்னான்: "ஏல, உன் போன் எண்ணத் தெரியாம எண்ணுதுல."

அங்கே தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

ஒன்று கூடுதலாக எண்ணும் நோய்

யு.எஸ்.பி. 1.0 தரம் 1996 ஜனவரியில் வந்தது. அதை உருவாக்கியதில் முக்கியமானவர் இன்டெல்லில் வேலை பார்த்த அஜய் பட், நம் நாட்டில் பிறந்து பரோடாவில் பொறியியல் படித்தவர். எல்லாச் சாதனத்துக்கும் ஒரே செருகி என்பதுதான் ஆசை. சேமிப்புச் சாதனங்கள் கணினியோடு எப்படிப் பேச வேண்டும் என்று தனியாக ஒரு விதிநூல் பிறகு வந்தது. கணினி 31 பைட்டில் ஒரு கட்டளை அனுப்ப வேண்டும். தரவு போய் வந்தபின் சாதனம் 13 பைட்டில் "முடிந்தது" என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இந்த விதிநூலின் முகப்பில் அச்சாகியிருக்கும் தேதி என்ன தெரியுமா? 1999 செப்டம்பர் 31. செப்டம்பருக்கு 30 நாள்தான்! ஒன்று கூடுதலாக எண்ணும் நோய் விதிநூலின் அட்டையிலேயே இருந்திருக்கிறது :-)

என் போனின் நோயும் இதே வகைதான். கணினி ஒரு சாதனத்திடம் "உன் கொள்ளளவு என்ன?" என்று கேட்கும். விதிப்படி சாதனம் சொல்ல வேண்டியது மொத்த எண்ணிக்கை அல்ல, கடைசிக் கட்டத்தின் எண். எண்ணுவது பூஜ்யத்திலிருந்து. நூறு கட்டம் இருந்தால் அவற்றின் எண்கள் 0 முதல் 99 வரை, எனவே பதில் 99. ஆனால் ஃபர்ம்வேர் எழுதியவர் அவசரத்தில் "100" என்று சொல்ல வைத்துவிட்டால்? கணினி 0 முதல் 100 வரை, ஆக 101 கட்டம் இருப்பதாக நம்பும். இல்லாத கட்டத்தைப் படிக்கப் போகும். சில சாதனங்கள் "அப்படி ஒன்று இல்லை" என்று ஒழுங்காகப் பதில் சொல்லும். சில அப்படியே மயங்கி விழும். எங்கள் வீட்டு போன் இரண்டாம் ரகம்.

விற்கும் முன் கம்பெனிக்காரன் பார்க்கவே இல்லையா என்று கேட்கத் தோன்றும். பார்த்திருப்பான், விண்டோஸில். விண்டோஸ் செருகியவுடனே கடைசிக் கட்டம் வரை போய்ப் பார்ப்பதில்லை, அதனால் தவறு வெளியே வராது. லினக்ஸ் போய்ப் பார்க்கும், ஏனென்றால் சில வகை வட்டுக் குறிப்புகள் வட்டின் கடைசியில்தான் எழுதப்பட்டிருக்கும். ஆக, விதிநூலில் எழுதியிருப்பது சட்டம் இல்லை, விண்டோஸில் ஓடினால் அதுதான் சட்டம் என்று நடைமுறை ஆகிவிட்டது.

விதிவிலக்குப் பேரேடு

லினக்ஸில் யு.எஸ்.பி. சேமிப்புக்கான டிரைவரை 1999-ல் தொடங்கியவர் மைக்கேல் ஜீ. அதை வளர்த்து நீண்ட காலம் பராமரித்தவர் மேத்யூ தார்ம். பிறகு ஆலன் ஸ்டெர்ன் பெரும்பங்கு வேலை செய்தார். 2000-ல் ஆடம் ரிக்டர் என்பவரின் தொடக்க உழைப்பில் அந்த டிரைவருக்குள் ஒரு தனிக் கோப்பு உருவானது. பெயர் 'அன்யூஷுவல் டெவ்ஸ்'. தமிழில் சொன்னால் 'வழக்கத்துக்கு மாறான சாதனங்கள்'. எவ்வளவு நாகரிகமான பெயர் பாருங்கள், 'பொய்யர்கள்' என்று வைக்கவில்லை!

அதைப் பேரேடு என்றே சொல்லலாம். ஒவ்வொரு பதிவிலும் தயாரிப்பாளர் எண், பொருள் எண், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை, பெயர், கடைசியாக நோயும் மருந்தும். எண் வரிசை கெடாமல் எழுதுங்கள் என்று மேலேயே குறிப்பு இருக்கும். புதுப் பதிவு சேர்க்க வேண்டுமானால் சாதனத்தின் விவரத்தையும் ஏன் சேர்க்க வேண்டும் என்ற காரணத்தையும் தர வேண்டும். பல பதிவுகளின் மேல் அதைத் தெரிவித்தவரின் பெயர் இருக்கும். எங்கோ ஒருவர் தன் கேமராவோடு மல்லுக்கட்டித் தோற்று, காரணம் கண்டுபிடித்து, அதை எழுதி அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். வவுச்சர் இல்லாமல் பதிவு இல்லை. ஆடிட்டர்கள் பார்த்தால் கண் கலங்குவார்கள்.

நோய்கள் பலவிதம். ஒன்று, நான் சொன்ன கூடுதல் எண்ணிக்கை. இன்னொன்று, "எத்தனை பைட் மிச்சம்?" என்பதற்குத் தப்பான கணக்குச் சொல்வது. அதற்கு மருந்து, அந்தப் பதிலைக் காதில் வாங்காமல் இருப்பது. ஒரே நேரத்தில் பெரிய மூட்டை அனுப்பினால் திணறுபவை உண்டு, அவற்றுக்குச் சின்னச் சின்ன மூட்டையாக அனுப்ப வேண்டும். ஜெனிசிஸ் லாஜிக் நிறுவனத்தின் சில சிப்புகளுக்குக் கட்டளைக்கும் தரவுக்கும் நடுவில் சுமார் 100 மைக்ரோ நொடி மூச்சு விட நேரம் தர வேண்டும்.

எங்கள் அப்பாவின் பைபர் போட் எஞ்சினும் இப்படித்தான். இரண்டு இழுப்பு இழுத்து, ஒரு நிமிஷம் விட்டு, மூன்றாவது இழுப்பில்தான் பிடிக்கும். அப்பாவுக்குத் தெரியும், வேறு யாரும் இழுத்தால் கை வலிக்கும். ஆனால் அந்த அறிவு அப்பாவோடே இருக்கிறது. கெர்னல்காரர்கள் செய்தது, அந்த மாதிரித் தனித்தனி அறிவை ஒரு பொதுப் பேரேட்டில் ஏற்றியதுதான்.

நோக்கியா பக்கம்

நம் ஊர்களில் 2000-களில் போன் என்றாலே நோக்கியாதான். 2006 முதல் 2014 நவம்பர் வரை ஸ்ரீபெரும்புதூரில் அதன் ஆலை ஓடியது. தெற்கிலிருந்தும் நிறையப் பேர் அங்கே வேலைக்குப் போனார்கள். அந்தக் கம்பெனியின் தயாரிப்பாளர் எண் 0421. பேரேட்டில் அந்த எண்ணுக்குக் கீழே நீண்ட வரிசை: என்91, 6131, 6233... ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நோய். அதிகம் பேருக்கு இருந்தது கூடுதல் எண்ணிக்கை நோய். ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்: இந்தப் பிழை இருந்தது ஃபர்ம்வேரில். போனைப் பொருத்திக் கொடுத்த எந்தத் தொழிலாளியின் கையிலும் இல்லை.

புது மாடல் வர வர புது வரி. இந்த இடத்தில்தான் முதல் விவாதம். எத்தனை காலத்துக்கு ஒவ்வொரு போனாகச் சேர்த்துக்கொண்டே போவது? சேர்க்கும்போதும் சிக்கல். "இந்த மாடலின் எல்லாப் பதிப்புக்கும்" என்று அகலமாக எழுதினால், கம்பெனி பிறகு திருத்திக்கொண்டாலும் தண்டனை தொடரும். சரியாக எண்ணும் சாதனத்திடமும் ஒன்றைக் கழித்தால் கடைசிக் கட்டம் காணாமல் போகும். குறுகலாக எழுதினால் அடுத்த பதிப்பு வாங்கியவன் மாட்டுவான்.

2008-09 வாக்கில் ஆலன் ஸ்டெர்ன் ஒரு தீர்வு கொண்டுவந்தார். போன், கேமரா எல்லாம் ஃபிளாஷ் நினைவகம். அதில் கட்டங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். எனவே நோக்கியா, நிக்கான், மோட்டரோலா சாதனம் எதுவாக இருந்தாலும் (பென்டாக்ஸும் பிறகு சேர்ந்தது), கணக்கு ஒற்றைப்படையில் வந்தால் ஒன்றைக் கழி. இரட்டைப்படையில் வந்தால் தொடாதே. கம்பெனி திருந்தினாலும் கெடுதல் இல்லை, திருந்தாவிட்டாலும் கெடுதல் இல்லை. இந்த ஒரு விதி வந்ததும் பேரேட்டிலிருந்து ஏராளமான வரிகள் நீக்கப்பட்டன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நூறு விதிவிலக்கை உற்றுப் பார்த்தால் உள்ளே ஒரு விதி ஒளிந்திருக்கிறது. ஆனால் அந்த நூறையும் யாரோ பொறுமையாக எழுதி வைத்திருந்ததால்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

பேரேட்டைச் சுத்தமாக வைக்க இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரு சாதனத்துக்கு எழுதிய விதிவிலக்கில் தேவையில்லாத பகுதி இருப்பதாகத் தெரிந்தால், டிரைவரே "இது வேண்டியதில்லை போலிருக்கிறது, இந்தச் செய்தியை எங்களுக்கு அனுப்புங்கள்" என்று திரையில் எழுதும். தன் கணக்கில் தப்பு இருக்கலாம் என்று தானே சொல்லும் கணக்குப் புத்தகத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அதே காலகட்டத்தில் வந்த இன்னொரு வசதிதான் என்னைக் காப்பாற்றியது. பேரேட்டில் இல்லாத சாதனத்துக்கு, பயனரே தற்காலிகமாக மருந்து கொடுக்கலாம். தயாரிப்பாளர் எண், பொருள் எண், ஒரே ஓர் எழுத்து. கொள்ளளவில் ஒன்றைக் கழிக்க ஆங்கில 'சி'. மிச்சக் கணக்கைப் புறக்கணிக்க 'ஆர்'. கெர்னலை மறுபடி கட்ட வேண்டியதில்லை.

உள்ளேயா, வெளியேயா?

இரண்டாவது பெரிய விவாதம் டேட்டா கார்டுகளால் வந்தது. 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் நம் ஊர் ஹாஸ்டல்களில் ஒரு டேட்டா கார்டை ஆறு பேர் பங்கு போட்டுப் பயன்படுத்திய கதைகளை அண்ணன்மாரிடம் கேட்டிருப்பீர்கள். அதைச் செருகினால் முதலில் மோடமாக வராது, சி.டி. போல வேஷம் கட்டி வரும். உள்ளே விண்டோஸுக்கான மென்பொருள் இருக்கும். அதை நிறுவியபின் ஒரு ரகசியக் கட்டளை போகும், வேஷம் கலைந்து மோடம் வெளியே வரும். விண்டோஸ்காரருக்கு வசதி. லினக்ஸ்காரருக்குக் கையில் இருப்பது வெறும் சி.டி.!

முதலில் ஹுவாவே இ220 போன்ற மாடல்களுக்கு இந்த வேஷம் கலைக்கும் வேலையைச் சேமிப்பு டிரைவருக்குள்ளேயே எழுதினார்கள். இன்னொரு பக்கம் யோசுவா டீட்சே என்பவர் கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாக 'யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்' என்ற ஒன்றை எழுதினார். அதில் பட்டியலைத் திருத்துவது எளிது, வேண்டாம் என்றால் நிறுத்தி வைக்கலாம்.

2013 தொடக்கத்தில் ஹுவாவே பக்கத்திலிருந்தே ஒரு மாற்றம் வந்து கெர்னலில் சேர்ந்தது. தங்கள் சாதனங்கள் பெருவாரியானவற்றுக்குக் கெர்னலே வேஷத்தைக் கலைத்துவிடும். கேட்க நல்லதுதானே? அந்த மார்ச்சில் பியோர்ன் மோர்க் அதைத் திரும்பப் பெற வைத்தார். அவர் அடுக்கிய காரணங்கள் வலுவானவை. சில சாதனங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள் உண்டு, எந்த முகம் வேண்டும் என்பதைப் பயனர் முன்பே தேர்ந்து வைத்திருக்கிறார். சிலருக்கு அந்தச் சேமிப்புப் பகுதியே தேவை, மோடம் வேண்டாம். ஒரு சாதனமாவது கெர்னலின் கட்டளையால் மாறவே முடியாமல் சிக்கிக்கொள்கிறது. வருஷக்கணக்காக ஓடியது ஓடாமல் போவதுதான் பெரிய குற்றம். கெர்னலுக்குள் இருந்த பழைய பட்டியலை விட்டு வைத்ததே ஓடுபவை நிற்கக் கூடாது என்பதற்காக. அதை வளர்ப்பது நோக்கமல்ல.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. உள்ளே வைத்தால் ஒன்றும் தெரியாதவனுக்கும் செருகியவுடன் வேலை செய்யும். வெளியே வைத்தால் தெரிந்தவனுக்குத் தேர்வு இருக்கும். எனக்குப் புரிந்தவரை வந்து சேர்ந்த முடிவு இது: தரவு சிதையாமல், கணினி தொங்காமல் இருக்கத் தேவையான திருத்தம் உள்ளே இருக்கட்டும். பயனரின் விருப்பத்தைப் பொறுத்தது வெளியே இருக்கட்டும்.

கதை அத்தோடு முடியவில்லை. யு.எஸ்.பி. 3 காலத்தில் 'யு.ஏ.எஸ்.' என்ற வேகமான பேச்சுமுறை வந்தது. 2014-ல் வந்த லினக்ஸ் 3.15-ல் அது ஒழுங்காக ஓடத் தொடங்கியது. ஓடிய உடனே புதுப் பொய்யர்கள் கிளம்பினார்கள். ஹான்ஸ் டி கோயெட் அதற்கென்று இரண்டாவது பேரேடு திறந்தார். 2019-ல் வந்த ராஸ்பெர்ரி பை 4-ல் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகித் தலையைப் பிய்த்துக்கொண்ட பலர், 'யு' என்ற ஓர் எழுத்து மருந்தால் யு.ஏ.எஸ்.ஸை நிறுத்திப் பிழைத்தார்கள்.

சஸ்பென்ஸ் கணக்கு

காமர்ஸ்காரன் பார்வையில் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இருப்பாய்வு ஒத்துப் போகவில்லை என்றால் வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வேலையைத் தொடர்வோம். தப்பைக் கண்டுபிடித்ததும் திருத்தப் பதிவு எழுதி அதை மூடுவோம். மூடாத சஸ்பென்ஸ் கணக்கு அவமானம் என்று முதலாண்டிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் இந்தப் பேரேட்டை முதலில் பார்த்தபோது, இருபது வருஷத்துக்கும் மேலாக மூடப்படாத சஸ்பென்ஸ் கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றியது.

இப்போது அப்படித் தோன்றவில்லை. இங்கே தப்பு நம் புத்தகத்தில் இல்லை, அடுத்தவன் புத்தகத்தில். அந்தக் கம்பெனி மாடலை நிறுத்திவிட்டது, சில கம்பெனிகள் கடையையே மூடிவிட்டன. திருத்தப் பதிவு எழுத ஆள் இல்லை. ஆனால் பொருள் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பழைய வரிகளைச் சுமப்பது வீண் பாரம் என்று சொல்பவர்களுக்கும் காரணம் உண்டு, ஒவ்வொரு வரியையும் யாரோ பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் 'இந்தச் சாதனம் இப்போது யாரிடம் இருக்கப் போகிறது?' என்ற கேள்விக்குப் பதில் நான். என்னிடம் இருக்கிறது.

நண்பன் சொன்னபடி அந்த இரண்டு எண்களையும் 'சி'-யையும் கொடுத்துவிட்டுக் கேபிளைச் செருகினேன். போன் அணையவில்லை. அடுக்குத் திறந்தது. நாலு நிமிஷக் கோப்பு இருந்தது. முதலில் கடல் இரைச்சல், அப்புறம் தாத்தா. "கச்சான் காத்து அடிக்கும்போது கோபுரத்தை மட்டும் நம்பாத..." என்று ஆரம்பிக்கிறார். அப்பா ஜி.பி.எஸ். வைத்திருக்கிறார், அந்த வழி அவருக்குத் தேவையில்லை. இருந்தாலும் மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை "போதும்லே" வந்தபோது சிரித்துவிட்டார்.

அந்த போன் பேரேட்டில் இல்லை. உலகத்தில் அந்த மாடல் இன்னும் எத்தனை உயிரோடு இருக்கிறதோ, ஒன்றாகக்கூட இருக்கலாம். ஒரு வரி எழுதி அனுப்பலாமா என்று யோசித்து யோசித்துத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் அனுப்பிய வரிகளிலிருந்துதான் எனக்கு மருந்து கிடைத்தது. நான் மட்டும் என் வரியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால், அப்பாவின் எஞ்சின் ரகசியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சாதன விவரம், பிழைச் செய்தி, காரணம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். செமஸ்டர் தேர்வு முடிந்ததும் அனுப்புகிறேன். ஏற்பார்களோ மாட்டார்களோ, வவுச்சர் என் பக்கம் சரியாக இருக்கும்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு போன் கிடக்கலாம். செத்துப் போனது என்று தூக்கிப் போடும் முன் ஒரு தடவை செருகிப் பாருங்கள். வெறும் கூட்டல் கணக்குத் தப்பாக இருக்கலாம்.

அடுத்த பதிவில் சந்திப்போம். (தேர்வில் பாஸ் ஆனால்!)